மூன்றாம் எண் சீரம்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பைப்பெட் பிடிப்பதையும் கரைசல் கலக்குவதையும் இங்கே இருப்பவர்களே சொல்லித்தருவார்கள். அதற்கு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று தெரியாமல் நான் வாரக்கணக்கில் நடமாடிய கதையைச் சொல்கிறேன். எந்த அறிக்கையிலும் இதை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவளிடம் அனுமதி கேட்டு, அவள் பெயரை மாற்றித்தான் இப்போதும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் மாடியில் எங்கள் ஆய்வகம் இருந்தது. மூன்றே அறைகள். ஜன்னலைத் திறந்தால் கீழே திராட்சைப் பந்தல், பச்சைத் தரை விரித்தது போல. பந்தலுக்கடியில் ஆட்கள் பேசுவது மேலே வரும், ஆள் தெரியாது. ஆனி பிறந்தால் கணவாயிலிருந்து காற்று இறங்கிவிடும். ஆடி முடியும்வரை பட்டப்பகலில் ஜன்னல் கம்பிகளில் ஊளையிடும். புதிதாக வந்தவர்கள் யாரோ அழுகிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்ப்பார்கள்.

நாங்கள் பாலிஅமீன்கள் என்ற சின்ன மூலக்கூறுகளைப் படித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குடும்பத்தில் ஒன்றின் பெயர் புட்ரெசின். அழுகலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்னொன்று கடாவரின், அது பிணத்திலிருந்து. மூன்றாவது ஸ்பெர்மைன், விந்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். பிணத்துக்கும் விந்துக்கும் ஒரே வீட்டில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எப்படியானாலும், உயிருள்ள எல்லா செல்லும் இவற்றைத் தனக்குத் தானே செய்துகொள்கிறது. இவை இல்லாமல் வளர முடியாது. செல் சாகும்போது இவை வெளியே கசிகின்றன. அப்படிக் கசிந்ததை, உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள் எதிர்கொண்டால் என்ன ஆகும்? சண்டையை நிறுத்துமா, தாங்களும் சாகுமா? எங்கள் கேள்வி அவ்வளவுதான்.

முதல் எட்டு மாதம் நான் செய்தது முழுத் தவறு. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் புரிவதற்கு அது வேண்டும்.

செல்களை உடம்புக்கு வெளியே வைத்துக் காப்பாற்ற சீரம் வேண்டும். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். எல்லாரையும் போல நாங்களும் கன்றுக்குட்டி சீரம் வாங்கி ஊற்றினோம். ஸ்பெர்மைன் சேர்த்தோம். வெள்ளணுக்கள் செத்தன. எத்தனை தடவை செய்தாலும் செத்தன. ஸ்பெர்மைன் வெள்ளணுவைக் கொல்கிறது என்று கட்டுக்கட்டாக எழுதி, மதுரையில் எனக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

“எந்த சீரம் போட்ட?”

“கன்னுக்குட்டி சீரம் சார்.”

“அப்ப கொன்னது ஸ்பெர்மைனா, கன்னுக்குட்டியா?”

அவரே விளக்கினார். கன்றின் சீரத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது ஸ்பெர்மைனைப் பிடித்து உடைத்து, கடுமையான விஷமாக மாற்றிவிடுகிறது. ஸ்பெர்மைனும் தனியே இருந்தால் சாது, கன்றின் சீரமும் சாது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் சாவு. அவர் என் தாள்களைத் திருப்பித் தந்தபோது சொன்னார்: “ஒண்ணு செத்துக் கெடந்தா, பக்கத்துல யார் யார் இருந்தாகன்னு அத்தன பேரையும் விசாரிக்கணும்மா.”

ஊருக்குத் திரும்பினதும் கன்றுக்குட்டி சீரத்தை நிறுத்தினேன். மனித சீரத்துக்கு மாறினோம். பெரியவர்கள் ரத்தத்தில் அந்த மாதிரி நொதி சொல்லும்படியாக இருக்காது. ரத்தம் கொடுத்தது நான்கு பேர்: நான், வாட்ச்மேன், ரத்தம் எடுக்கும் முருகேசன், டெக்னீஷியன் மெஹர். ஆளுக்கொரு எண். மெஹர் மூன்று. எண்ணின் பட்டியல் என் மேஜைக்குள் பூட்டியிருந்தது. சோதனைக்கான வெள்ளணுக்கள் மட்டும் எப்போதும் என்னுடையவை. நான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். தாளில் “ஆய்வுக்காக” என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் எதையெல்லாம் அடைக்கலாம் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

மெஹர் உத்தமபாளையத்துப் பெண். முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப்பில் அவள் கண்ணுக்கு நிகர் இல்லை. செத்த செல் நீலச்சாயத்தைக் குடித்துவிடும், உயிருள்ளது குடிக்காது. நீலமானதையும் ஆகாததையும் எண்ணுவது அவள் வேலை. நான் மறுபடி எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூட மாறாது. கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்தில் போயின. இது மருத்துவமனை முழுக்கத் தெரிந்த விஷயம். யாரும் அவளிடம் பேசாத விஷயம்.

ஆனி நடுவில் முதல் தட்டை வைத்தோம். சின்னச் சின்னக் குழிகள் வரிசை வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஆளுக்கொரு வரிசை. இரண்டாம் நாள் காலை மெஹர் எண்ணினாள். முதல் வரிசை, உயிர். இரண்டு, உயிர். நான்கு, உயிர். மூன்றாம் வரிசை, கடைசிக் குழி வரைக்கும் நீலம்.

கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தோம். மறுபடியும் மூன்று. வரிசையின் இடத்தை மாற்றி வைத்தோம். சாவும் கூடவே இடம் மாறியது. இரண்டு வாரம் கழித்துப் புது ரத்தம் எடுத்தோம். அது இன்னும் மோசம். சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்த பிறகும் கொன்றது. நானே உட்கார்ந்து பார்த்தேன். முதல் சில மணி நேரம் எல்லா வரிசையும் ஒன்று போலத்தான் இருந்தது. பிறகு மூன்றாம் வரிசையில் மட்டும் செல்கள் சுருங்கின. மேல்தோல் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. பொங்கிப் பொங்கி, சத்தமே இல்லாமல் அடங்கியது. அவை என் வெள்ளணுக்கள். அவற்றை இன்னொருத்தி ரத்தத்தில் சாகவிட்டு, நான் மேலே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே காற்று ஊளையிட்டது.

முருகேசன் பயந்துவிட்டான்.

“மேடம், மூணாம் நம்பர்ல என்னமோ குடியிருக்கு. இனிமே நான் அங்கன கை வைக்க மாட்டேன்.”

“கிறுக்குத்தனமாப் பேசாத முருகேசா. தட்டுல என்ன குடியிருக்கும்?”

மறுநாள் இன்குபேட்டர் கதவில் திருநீற்றுக் கோடு இருந்தது. துடைக்கச் சொன்னேன். அதற்கடுத்த நாள், நான் குனிந்து பார்க்க மாட்டேன் என்று நினைத்து, கதவின் அடியோரத்தில் பூசியிருந்தான். நான் பார்த்தேன். ஏனோ இந்தத் தடவை துடைக்கச் சொல்லவில்லை.

மெஹர் மாறிவிட்டாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். நாளுக்கு இருபது தடவை கை கழுவினாள். ஒரு நாள் எண்ணிக்கைத் தாளை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

“மேடம், மூணாம் நம்பர் ஆளுக்கு ஏதாச்சும் நோயா?”

நான் அதற்குள் விசாரித்துவிட்டிருந்தேன். மூன்றாம் எண் சீரத்தில் ஸ்பெர்மைன் சேர்க்காமல் வைத்தால் செல்கள் சுகமாக இருந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் செத்தன. கன்றுக்குட்டியின் கதையேதான். அந்த மாதிரி நொதி வளர்ந்த பெண் ஒருத்தியின் ரத்தத்தில் எப்படி வந்தது என்று மதுரைக்குப் போய்ப் பழைய ஆய்விதழ்களைப் புரட்டினேன். பதில் கிடைத்தது. கர்ப்பிணியின் ரத்தத்தில் அது இருக்கும். நஞ்சுக்கொடி இருக்கும் இடத்திலிருந்து கிளம்பி, தாயின் ரத்தத்தில் கலந்து, வாரத்துக்கு வாரம் ஏறும். ஏறவேண்டியது ஏறாமல் விழுந்தால் கர்ப்பம் சரியில்லையோ என்று சில கட்டுரைகள் ஐயப்பட்டிருந்தன. பஸ்ஸில் திரும்பும்போது, எட்டு வருஷம் ஏங்கியவளின் வயிற்றில் இருப்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. நான் சொன்னது இதுதான்:

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ எண்ணிக்கைய மட்டும் பாரு.”

ஏன் சொல்லவில்லை? இரண்டு தடவை இழந்தவள். சொல்லி, இதுவும் நிற்காமல் போனால் என்ற பயம் இருந்தது. வெளியே கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. அந்த நொதி வாரத்துக்கு வாரம் ஏறுவதை என் தட்டில் பார்க்க ஆசைப்பட்டேன். சொல்லிவிட்டால் அவள் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள், எனக்கு மூன்றாவது ரத்தம் கிடைக்காது. அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது.

ஆடிக் கடைசியில் மூன்றாவது தடவையாக எல்லாருக்கும் ரத்தம் எடுத்தான் முருகேசன். தட்டு வைத்தோம். இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு மெஹர் எண்ணி முடித்தாள். எழுந்து என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மூணாம் வரிசை சாகல மேடம்.”

சாவுச் செய்தி சொல்வது போலச் சொன்னாள். பின்னாலிருந்து முருகேசன் கூவினான்: “பூராம் பொழச்சிருச்சு மேடம்! ஒரு நீலம் இல்ல! நான் பூசின துன்னூறு வேல செஞ்சிருச்சு பாத்தீகளா!”

நான் போய்க் கண்ணை வைத்தேன். உருண்டு திரண்டு, தெளிவாக, ஒரு குறையும் இல்லாமல் என் வெள்ளணுக்கள் இருந்தன. அந்தத் தட்டில் அதுவரை நான் கண்ட எந்தச் சாவும் அந்த உயிரைப் போல என்னை நடுங்க வைத்ததில்லை. நொதி போய்விட்டது. அப்படியென்றால் அதை அனுப்பிக்கொண்டிருந்தது என்ன ஆயிற்று? அவளுக்கு இது மூன்றாம் மாதம்.

தலையைத் தூக்கினேன். மெஹர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நம் தொழில் நமக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. நம்ப முடியாத எண் வந்தால், இன்னொரு தடவை செய்து பார். அன்றைக்கும் என் கை புதுத் தட்டை நோக்கித்தான் போனது. ஸ்பெர்மைன் கரைசல் பழசாகியிருக்கலாம், சீரம் கெட்டிருக்கலாம், இரண்டு நாளில் உறுதியாகத் தெரியும். அந்த இரண்டு நாள் என்னுடையது இல்லை, அவளுடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே உயிரில்லாமல் இருந்தால் காய்ச்சல் வரலாம், உதிரம் கொட்டலாம். தட்டை அப்படியே வைத்தேன்.

“மெஹர், கெளம்பு. கம்பத்துல டாக்டரம்மாவப் பாத்து ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துருவோம்.”

எதற்கு ஸ்கேன் என்று அவள் கேட்கவில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டு கூடவே வந்தாள். மருத்துவமனை ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தோம். காற்றில் வாழைத்தோட்டம் முழுக்க இலைகள் கிழிந்து நார்நாராகத் தொங்கின. வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?”

“ஒரு மாசம் ஆச்சும்மா.”

தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு பிள்ளையின் சாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது இரண்டு வேறு வேறு சாவு என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்து, வயிற்றில் கருவியை ஓட்டினார். திரையில் வெறும் சாம்பல் நிறக் கலக்கம். மெஹர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். டாக்டரம்மா கையை நிறுத்தினார்.

“இந்தா துடிக்குதுல்ல. நல்லாவே துடிக்குது. இதுக்கு ஏன் ரெண்டு பேரும் இப்படி வந்து நிக்கிறீக?”

அரிசி அளவு ஒரு வெளிச்சம் திரையில் விட்டு விட்டு மினுங்கியது. மெஹர் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் என்று பின்னால் டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். என் புத்தி மறுபடி தட்டுக்கே ஓடியது. “குழந்த நல்லா இருக்குன்னா, அந்த வரிசை எப்படிப் பொழச்சது?” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அது என் ரத்தமில்ல மேடம்.”

நான் அவளைப் பார்த்தேன்.

“மூணாம் நம்பர் நானுன்னு எனக்கு மொத நாளே தெரியும். முருகேசண்ணே ஊசி போடையில நான் குழாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

பூட்டிய மேஜைக்குள் பட்டியலை வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். தன் ரத்தம் நிறையும் குழாயை யார்தான் பார்க்க மாட்டார்கள்?

“தெரிஞ்சுமா இத்தன நாள் எண்ணின?”

“நீங்கதான எண்ணச் சொன்னீக.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “ரெண்டு புள்ளையும் மூணாம் மாசத்துல போச்சு. ஏன்னு எந்த டாக்டரும் சொல்லல. மைக்ராஸ்கோப்புல பாத்தப்பத் தெரிஞ்சுபோச்சு. என் ரத்தம் பட்டா சாகுது. அதுக்குள்ளதான மேடம் புள்ள கெடக்கு? அன்னையில இருந்து மாமியாளுக்கு ஒரு டம்ளர் தண்ணி என் கையால குடுக்கல.”

“ரத்தத்த ஏன் மாத்துன?”

“ஒருவேள நான் இல்ல, அந்த நம்பர்லதான் கோளாறோன்னு ஒரு நெனப்பு. வேற ஆளு ரத்தத்த அதே நம்பர்ல வச்சா தெரிஞ்சுபோகும்ல? தல சுத்துதுன்னு அண்ணங்கிட்டச் சொன்னேன். தட்டுல குடியிருக்கறதுக்கு ரத்தம் யாருதா இருந்தா என்னன்னு, பாவம், என் குழாய்க்கும் சேத்து அவரே ரெண்டு குழாய் குடுத்தாரு. அது பொழச்சிருச்சு. அப்ப நாந்தான்னு முடிவாயிப்போச்சு.”

படித்துப் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாத சுத்தமான ஒரு சோதனையை அவள் செய்திருந்தாள். அதைத் தனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு, தனியாகச் சுமந்திருந்தாள். அவள் கேட்ட அன்றைக்கே நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

அந்த பெஞ்சிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கன்றுக்குட்டியில் ஆரம்பித்து, மதுரையில் படித்தது, ஆசைப்பட்டு மறைத்தது, ஒன்றையும் விடவில்லை. “அது உன்கிட்ட இருக்குற விஷம் இல்லம்மா. நஞ்சுக்கொடி நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம். வரிசை செத்தவரைக்கும் உன் குழந்த நல்லா இருந்துச்சு.”

“நஞ்சுக்கொடி,” என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருந்தும், அந்தச் சொல்லை அன்றுதான் நானே முதன்முதலாகக் கேட்டது போல இருந்தது.

“முந்தின ரெண்டும் ஏன் போச்சு?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா. ஆனா இதனாலன்னு சொல்றதுக்கு எதுவும் இல்ல.”

அவள் நம்பினாளா என்று அன்று தெரியவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கையோடு கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, முருகேசனுக்கும் எனக்கும் தன் கையாலேயே பரிமாறினாள். நாங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அந்தத் தொடரின் முடிவுகளை நான் வெளியிடவில்லை. அறக்கட்டளைக்காரர்களிடம் நடந்ததைச் சொன்னேன், கடுமையாகத்தான் பேசினார்கள். “ஆய்வுக்காக” என்றிருந்த தாளைக் கிழித்து, இரண்டு பக்கத்துக்குப் புதிதாக எழுதினோம். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குழாயில் எண்ணை ஒட்டுங்கள், பட்டியலைப் பூட்டுங்கள், அது ஒழுங்கு. ஆனால் ஒருவரின் ரத்தம் அவரைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டால், உங்கள் நோட்டில் எழுதுவதற்கு முன்னால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதையாவது சொல்லுங்கள். உங்கள் மௌனத்தை அவர் எப்படிப் படிப்பார் என்று உங்களால் ஊகிக்கவே முடியாது.

மாசியில் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையை அவள் அம்மா தினமும் கீழே மருத்துவமனை வராந்தாவுக்குத் தூக்கிவந்துவிடுவார். ஒரு நாள் மெஹர் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“இப்ப என் ரத்தத்த எடுத்துப் பாருங்க மேடம். நான் பாக்கணும்.”

இந்தத் தடவை முதலில் உட்காரவைத்து, எது வந்தால் என்ன அர்த்தம், என்ன அர்த்தமில்லை என்று எல்லாம் சொன்னேன். சரி என்றாள். முருகேசன் எடுத்தான். இரண்டு நாள் கழித்து அவளே எண்ணினாள். ஒரு குழியைக்கூட விடவில்லை. எல்லாம் உயிரோடு இருந்தன. எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கொடி எதுக்கு மேடம் வெள்ளணுவப் போயிக் கொல்லணும்?”

“யாருக்கும் சரியாத் தெரியல. குழந்த பாதி உன்னுது, பாதி வேறாளுது. ஒன் வெள்ளணுவுக்கு அது அந்நியந்தான். வந்து தாக்கிராம இருக்கக் குழந்த பக்கத்துல இருந்து போட்ட வேலியா இருக்கலாம்னு சிலபேரு நெனைக்கிறாக.”

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பந்தலைப் பார்த்தாள்.

“அப்ப நான் அவனுக்காகப் பயந்துக்கிட்டுக் கெடந்தப்ப, உள்ள அவன் என்னயப் பாத்துப் பயந்துக்கிட்டு இருந்திருக்கான்,” என்றாள்.

சொல்லிவிட்டு, பால் கொடுக்க நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.